பாஞ்சாலைக்கு யாரும் சொல்லவில்லை

பாஞ்சாலையின் உடலைக் கூடத்துக்குள் கொண்டுவர வேண்டாம், மாட்டுக்கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றார் ஆசீர்வாதம் வாத்தியார். விடிகாலையில் பால் கறக்கப் போனவள் பசுவின் காலடியிலேயே சாய்ந்து உயிரை விட்டிருந்தாள். வேலைக்காரி அல்ல, சம்பந்தியம்மாள். வாத்தியாரின் மகன் தேவநேசனுக்கு மாமியார்.

மருமகள் சந்திரம்மாள் தாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சபைக் கல்லறையில் அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

வாத்தியார் சபையின் மூப்பர். கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான். ஞானஸ்நானம் வாங்காதவளுக்கு அங்கே இடமில்லை என்றார். இரட்சிப்புக்கு வேதம் ஒரே நாமத்தைத்தான் சொல்கிறது, அதை அறியாமல் செத்தவர்கள் போகிற இடம் எது என்று தான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றார்.

செய்தி கேட்டு வந்த போதகர் சின்ன வயதுக்காரர். அவருக்கு மனசு ஆறவில்லை. சுவிசேஷத்தைக் கேள்விப்படாமலே போனவர்களை ஆண்டவர் அவரவர் மனசாட்சியை வைத்துத்தான் நியாயந்தீர்ப்பார், பவுலே அப்படித்தானே எழுதுகிறார் என்று மெல்லச் சொன்னார். வாத்தியார் விடுவாரா? அப்படியானால் மிஷனரிகள் எதற்குக் கப்பல் ஏறி வந்தார்கள் என்று மடக்கினார். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு வசனத்துக்கு வசனம் அடுக்கினார்கள் இரண்டு பேரும். சந்திரம்மாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா,” என்றாள் போதகரிடம். “எங்கம்மா கேள்விப்படாத காட்டுலயா இருந்தாங்க? ஆறு வருஷமா இந்த வீட்டுலதான் இருந்தாங்க.”

வாத்தியார் மனைவி கிருபையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “அவளுக்கு இன்னாடி தெரியும் சாணி அள்றத வுட்டா? சொன்னா மட்டும் வெளங்கிடுமா?”

“சொல்லிப் பாத்தீங்களா அத்த?”

ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாரும் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குக் கிளம்புவார்கள். பாஞ்சாலை வீட்டுக்குக் காவல். ஆராதனை முடிந்து வருவதற்குள் கறிக்குழம்பு தயாராக வேண்டும். ஒரு தடவை அவளும் தலைவாரிக்கொண்டு வாசல் வரை வந்தாள். அந்தக் கிழிசல் புடவையைப் பார்த்தால், வாத்தியாரின் தாத்தா எந்தச் சேரியிலிருந்து வந்தவர் என்று சபையில் நாலு பேருக்கு ஞாபகம் வந்துவிடுமே. குழம்பு அடிபிடிக்கும், உள்ளே போ என்றார் வாத்தியார். போனாள். சாயங்காலக் குடும்ப ஜெபம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில்.

“நானுந்தான் சொல்லல,” என்றாள் சந்திரம்மாள். “மிஷன் போர்டிங் ஸ்கூல்ல அத்தனையும் கத்துக்கினு வந்து, நல்ல பொடவையா கட்டிக்கினு உங்க பின்னாடியே போனேன். கேக்காதவங்களுக்கு என்ன தீர்ப்புன்னு இவ்ளோ நேரம் பேசறீங்களே. சொல்லாதவங்களுக்கு என்ன தீர்ப்பு? அதுக்கு வசனம் இருக்குதா?”

இருக்கிறது, எச்சரிக்காமல் விட்டவன் கையில் இரத்தப்பழி கேட்பேன் என்கிற வசனம், என்று போதகருக்குத் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும். சாவி மட்டும் வெளியே வரவில்லை. சடங்கு இல்லாமல் ஒரு ஜெபமாவது செய்யுங்கள் என்று சந்திரம்மாள் கேட்டதற்கு, போதகர் மூப்பரின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார். உடலை ஊருக்கு ஏற்றிப்போக தேவநேசன் டயர் மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு வந்தான். அப்பாவை எதிர்த்து அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

அவள் பிறந்த செங்கம் பக்கத்துச் சேரியில் பாஞ்சாலையின் தம்பி கருப்பன் குழி வெட்டி வைத்திருந்தார். பெண்கள் இடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை என்று யாரோ சொன்னார்கள். சந்திரம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்க வழக்கத்துல ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லும்மா என்றார் கருப்பன். பறை நின்றது.

அவள் கண்ணை மூடவில்லை.

“ஆண்டவரே, இவங்க பாஞ்சால. இவங்களுக்கு உங்களத் தெரியாது. நாங்க சொல்லல. வீட்டுக்குள்ள வெச்சிக்கினே சொல்லல. நெருப்புல போடணும்னா எங்களப் போடுங்க. இவங்கள ஒண்ணும் கேக்காதீங்க.”

அந்தச் சேரியில் அந்த ஆண்டவரை அதற்கு முன்னால் யாரும் கூப்பிட்டதில்லை. மண்ணைத் தள்ளப் போன கருப்பன் மண்வெட்டியை நிறுத்தினார்.

“அந்தச் சாமி நம்ம பேச்செல்லாம் கேக்குமாம்மா?”

“கேட்டுத்தான் ஆவணும் மாமா,” என்றாள்.