பார்சிலோனாவுக்கு ஐந்து நிமிடம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் நியூஜெர்சி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். ஆனால் 1999 தீபாவளி விழாவில் நான் பட்ட கோபத்தில் நியாயம் இருந்தது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பிஸ்கட்டவேயில் எங்கள் தமிழ்ச் சங்கம் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கும். பேசுவதுதான் பிள்ளைகள், எழுதுவது அம்மாக்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, பதினைந்து நாள் உருப்போட வைத்து மேடையேற்றிவிடுவோம். முந்தின வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். என் மகள் கயலுக்கு அப்போது பத்து வயது. கல்லணையைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டு வந்தவள், நடுவில் ஒரு வரியை மறந்துவிட்டாள். அர்த்தம் தெரிந்தால்தானே எங்கிருந்தாவது தொடருவாள்? டேப்பை ரீவைண்ட் பண்ணின மாதிரி ‘அவையோருக்கு வணக்கம்’ என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள், மறுபடி வணக்கம் சொன்னாள். மூன்றாவது வணக்கத்துக்கு அரங்கமே சிரித்தது.

அன்றோடு அவள் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், இங்கிலீஷில் பதில் வரும். தப்பு என்னுடையதுதான். உனக்கு என்ன பேசப் பிடிக்கும் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த வருஷம் அவளே வந்து நின்றாள். டவுன் பெண்கள் டீமில் ஸாக்கர் ஆடுகிறவள். லைப்ரரியிலிருந்து பார்சிலோனா ஃபுட்பால் கிளப்பைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்து, சாப்பிடும்போதும் அதிலேயே கண்ணாக இருந்தாள். ஒரு நாள் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொன்னாள். ஸ்பெயினில் ஒரு சர்வாதிகாரி இருந்தானாம். பார்சிலோனாக்காரர்களின் மொழி ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் கூடாது என்று தடை போட்டானாம். ஜனங்கள் ஃபுட்பால் மைதானத்துக்குப் போய் அதைப் பேசினார்களாம். ஆரம்பித்துத் தொண்ணூற்று மூன்று வருஷம் கழித்து, 1992இல் லண்டனில் அந்த கிளப் ஐரோப்பாவின் பெரிய கப்பை முதல் தடவையாக ஜெயித்ததாம்.

அப்புறம் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "நான் இத பேசறேன்மா. தமிழ்ல," என்றாள்.

ஒரு வருஷம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த தமிழ். கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். எழுதித் தரட்டுமா கண்ணு என்று கேட்டேன்.

"நோ. நீ எழுதக்கூடாது."

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நஞ்சுண்டனைக் கேட்டால் தெரியும்.

போட்டித் தலைப்பு ‘வரலாற்றில் நான் வியக்கும் வெற்றி’. ஃபார்மை நிரப்பி அனுப்பினேன். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சங்கச் செயலாளர் ஜம்புநாதன் ஃபோன் பண்ணினார்.

"தாமரை மேடம், உங்க பொண்ணோட டாபிக் பாத்தேன். இது தமிழ்ச் சங்கம். ஸாக்கர் கிளப் இல்ல."

"ஃபார்ம்ல தமிழர் வெற்றின்னு போடலீங்களே."

"அதெல்லாம் சொல்லணுமா? ராஜராஜ சோழன் ஸ்பீச் ஒண்ணு என்கிட்ட ரெடியா இருக்கு. ஃபாக்ஸ் பண்றேன். குழந்தை மனப்பாடம் பண்ணட்டும்."

"ராஜராஜனப் பத்தி ஏற்கெனவே நாலு பேர் பேசறாங்க. அவருக்கே சலிச்சுப் போயிருமுங்க. எம் பொண்ணு இதைத்தான் பேசுவா."

"அப்ப லிஸ்ட்ல பேர் இருக்காது மேடம்."

"பாத்துக்கலாமுங்க," என்று ஃபோனை வைத்தேன். வைத்த வேகத்தில் அது சுவர் ஆணியிலிருந்து கழன்று விழுந்தது.

"எதுக்கு வம்பு, விடேன். நாளைக்கு அவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்," என்றார் நஞ்சுண்டன்.

"நீங்க முழிங்க."

வெளியே அப்படிப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். போன தடவை சிரித்து அவள் வாயை அடைத்தார்கள். இந்தத் தடவையும் அடைத்தால், என் மகள் தமிழ் பேசி நான் கேட்கப் போவதே இல்லை.

விழா நாளன்று ஹைஸ்கூல் அரங்கத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ராஜராஜன் நாலு தடவை வந்து போனார். கயலின் பெயர் வரவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்கே ஏறிப்போய், மைக்குக்குப் பக்கத்தில் நின்று, எம் பொண்ணு பேர் எங்கே என்று ஜம்புநாதனைக் கேட்டேன். முன்வரிசை முழுக்க எங்களையே பார்த்தது.

"சரி, சரி. லஞ்ச் டைம்ல ஃபைவ் மினிட்ஸ். காம்பெடிஷன்ல சேராது," என்றார் அவர்.

லஞ்ச் கீழே காஃபிடீரியாவில். மைக் கிடையாது. சாம்பார் சாதத்துக்கு இருநூறு பேர் வரிசையில் நின்று சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் கண்ணு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள்.

"எல்லாரும் சாப்பிடுங்க. நான் பேசறேன்," என்றாள் சத்தமாக.

நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"ஸ்விட்சர்லாந்துல இருந்து ஒருத்தர் பார்சிலோனா வந்தார். அவர்கூட விளையாட ஆள் இல்ல. அதனால பேப்பர்ல விளம்பரம் குடுத்தார். அப்படித்தான் இந்த கிளப் வந்துச்சு. இந்த நவம்பர்ல அதுக்கு நூறு வயசு. ஒரு நாள் அங்க ஸ்பெயின் ராஜாவோட பாட்டு வாசிச்சாங்க. ஜனங்க விசில் அடிச்சாங்க. அதுக்கு மைதானத்தையே மூடிட்டாங்க. அப்புறம் அந்த நாட்டுக்குள்ளயே சண்டை வந்துச்சு. கிளப் பிரசிடெண்ட சுட்டுட்டாங்க. டீம் மெக்ஸிகோ போச்சு. அப்புறம் இங்க, நம்ம பக்கத்துல, நியூயார்க் வந்து ஆடிச்சு. நிறையப் பேர் திரும்பிப் போகல. போனா அவங்கள..."

நின்றுவிட்டாள். இதோ வணக்கத்துக்குத் திரும்பப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த வார்த்தை எனக்குத் தெரியல. வேற மாதிரி சொல்றேன். போனா அவங்களுக்கு ஆபத்து. சண்டையில ஜெயிச்சவங்க கிளப்போட பேரக்கூட மாத்திட்டாங்க. உங்க பாஷைய வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க, வெளிய பேசாதீங்கன்னு சொன்னாங்க. ஆனா கேம் பாக்கப் போனா, அத்தனை பேரும் ஒண்ணா கத்துவாங்க. அத்தனை பேரையும் எப்படிப் பிடிக்க முடியும்?"

வரிசையின் சளசளப்பு அடங்கிவிட்டது. கரண்டி பிடித்திருந்த சங்கத்து ஷ்யாமளா பரிமாறுவதை நிறுத்தியிருந்தாள்.

"1961ல ஐரோப்பா கப் ஃபைனல் போனாங்க. தோத்தாங்க. 1986ல மறுபடி ஃபைனல். பெனால்ட்டி நாலு அடிச்சாங்க. ஒண்ணுகூட உள்ள போகல. தோத்தாங்க."

மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் ஜம்புநாதன் புகுந்தார். "வெரி குட், வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க. டைம் ஆச்சும்மா," என்று தட்டிக்கொண்டே வந்து, அவளை இறக்கிவிடக் கை நீட்டினார்.

கயல் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"கை தட்டாதீங்க அங்கிள். அவங்க இன்னும் ஜெயிக்கவே இல்ல."