கண்ணின் வெள்ளையில் நீலம்

துணி மாற்றும்போது இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினேன், அவ்வளவுதான். என் மூன்று மாத மகளின் தொடை எலும்பு முறிந்துவிட்டது. சொன்னால் எவன் நம்புவான்? எக்ஸ்ரேயில் விலா எலும்பிலும் ஆறிப்போன பழைய முறிவு ஒன்று தெரிந்தது. அதற்கப்புறம் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை.

மனைவி கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். "கிட்ட வந்தீங்கன்னா நடக்குறதே வேற."

"கம்பி கட்டுறவரு கம்பி எண்ணப் போறாரு" என்றான் மச்சான். கட்டட வேலைக்காரனுக்கு ஏற்ற நக்கல். நான்கு நாள் வராந்தா பெஞ்சில் கிடந்தேன்.

பிள்ளையை உடைத்தவன் என்ற பட்டத்தை நானே என் அப்பாவுக்குக் கட்டியிருக்கிறேன். எட்டு வயதுக்குள் என் கை மூன்று முறை முறிந்தது. "ரோட்டைத் தாண்டக் கையைப் பிடிச்சேன், வேற ஒண்ணும் பண்ணல" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினாள். பிறகு அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். நான் கிட்டே போனதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "பாத்தியா, செஞ்ச கை கூசுது" என்பாள் அம்மா. போன வருஷம் அவர் செத்த செய்தி வந்தபோது சாரத்தில் நின்றிருந்தேன். இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் எலும்பு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என் கண்ணில்.

"ரெண்டு பேருக்கும் கண்ணு வெள்ளையில நீலம் ஓடுது. சின்ன வயசுல உங்களுக்கு எலும்பு ஒடைஞ்சிருக்கா?"

"மூணு தடவை சார். எங்கப்பா..."

"யாரும் அடிச்சிருக்கணும்னு இல்ல. நீங்க கம்பி வேலைதானே? எலும்புல சுண்ணாம்புச் சத்து சிமெண்டு மாதிரி. உள்ள கொலாஜன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் கம்பி. உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கம்பி பத்தல. பெரியவங்களானா கொஞ்சம் தாங்கும். சின்னதுல தொட்டாலே ஒடையும். ரத்தம் டெஸ்டுக்குப் போயிருக்கு, ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

தொட்டாலே ஒடையும். அந்த மனுஷன் சொன்னதும் அதைத்தானே! பாவி, ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கலாமே நான்.

மனைவி அழுதுகொண்டே விலகினாள். "மன்னிச்சிருங்க. வாங்க, பாப்பாவைத் தூக்குங்க."

முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் உள்ளங்கையை விரித்துத் தூக்க வேண்டும் என்று நர்ஸ் செய்து காட்டினாள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு அடி முன்னே வைத்தேன். என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய், ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.