மண்டை நின்ற இடம்

தூ! அந்தத் தலைக்கவசத்தை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில்தான் ஊறுகிறது, காறித் துப்ப.

ஓடர் ஆறு கடலில் சேருகிற பக்கம், ஆகஸ்டு மாதம் எங்கள் திருவிழா. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்களாக வேஷம் கட்டி, முனை மழுங்கிய கோடரியும் வாளுமாக நிஜமாகவே அடித்துக்கொள்வோம். தலையிலும் அடிக்கலாம். அதனால் கவசம் விற்கிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தான் விற்கும் கவசத்தை மாட்டிக்கொண்டு, வாங்க வந்தவன் கையால் ஒரு கோடரி அடி வாங்கிக் காட்ட வேண்டும்.

எங்கள் கடையில் கவசம் செய்கிறவன் லுத்சியன், என் தங்கை புருஷன். அடி வாங்குகிறவன் நான். வாவ்ஜின் என்ற என் பெயரை மறந்து எல்லோரும் ‘மண்டை’ என்றே கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு, வெட்கங்கெட்ட பெருமை.

மூன்றாம் நாள் காலையில் ரதோமில் வந்தான். க்டான்ஸ்க் நகரில் டிராம் ஓட்டுகிறவன், முதல் தடவையாக முன்வரிசையில் நிற்கப் போகிறவன். கோடரியை ஓங்கி என் உச்சந்தலையில் ஒன்று போட்டான்.

“என்னண்ணே, உசுரு இருக்கா?”

“என் பொண்டாட்டி கை இதவிட பலம்டா, போ!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணைச் சுற்றி இரும்பு வளையம் வைத்த கவசம் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, அவனும் சிரித்தபடியே போனான்.

அவன் போன பிறகு, எண்ணெய் துடைக்கலாமென்று வரிசையிலிருந்து ஒரு கவசத்தை எடுத்தேன். கை சுலபமாக மேலே போய்விட்டது. மூன்று நாளாக அந்த இரும்பைச் சுமந்த கழுத்துக்கு அதன் எடை தெரியாதா? அடுத்ததை எடுத்தேன். அதுவும் லேசு. அத்தனையும் லேசு. நான் மாட்டியிருந்தது மட்டும்தான் கனம்.

“என்ன மச்சான் இது? ரெண்டு மில்லி தகடா இது?”

லுத்சியன் ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தான். “விளிம்புல அளந்து பாரு. ரெண்டுதான்.”

விளிம்பை மடித்து அடித்திருந்தான். தகடு இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று சண்டைக்கு முன்னால் பார்க்கிற திருவிழாச் சோதனைக்காரர்களின் அளவுக் கவ்வி அந்த மடிப்பைத் தாண்டி மேலே போகாது.

“உச்சியில?”

“ஒண்ணு இருக்கும். உச்சிய எவன் அளக்கிறான்? கழுத்து வலிக்காம இருந்தா போதும்னு அவனவன் கும்பிடுறான்.”

“அப்ப என் தலையில இருக்கிறது?”

“நீ நம்ம வீட்டு ஆளு மச்சான். உனக்குப் போயி மெல்லிசு குடுப்பேனா?”

சொல்லிவிட்டு விரலில் ஒட்டிய கொழுப்பை நக்கினான். பதினொன்று விற்றிருக்கிறான், எல்லாம் என் தலையைக் காட்டி!

மைதானத்தில் சண்டைக்குக் கொம்பு ஊதினார்கள். விழுந்தடித்து ஓடினேன். கேடயங்கள் வரிசை கட்டிவிட்டன. முன்வரிசையில் ரதோமில்.

“நிறுத்துங்கப்பா! எங்க கடையில வாங்கினவங்க எல்லாரும் ஹெல்மெட்டைக் கழட்டுங்க! தகடு மெல்லிசு! செத்துப் போயிருவீங்க!”

“மண்டைக்கு அடி ஜாஸ்தியாயிருச்சு டோய்!” என்றான் ஒருவன்.

“மச்சானோட சண்டையா? தனிக்கடை போடப் போறியா?” என்றான் இன்னொருவன்.

ரதோமிலின் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டான். “காலையில நான்தானேண்ணே அடிச்சேன்? ஒண்ணுமே ஆகலையே.”

“அது வேறடா! எனக்கு மட்டும் தனியா செஞ்சது!”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தன் கவசத்தைக் கழற்றி நீட்டினான். “அப்ப இதப் போட்டுக்க. வித்தவன்தானே நிக்கணும்? காலையில அடிச்ச அதே அடிதான்.”

என்னுடையதைக் கழற்றிவிட்டு அதை வாங்கி மாட்டிக்கொண்டேன். தகடு நசுங்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஓர் அடிதானே, நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவன் கோடரியை ஓங்கினான். கண் வளையத்தின் வழியே அது மேலே போவது தெரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்று என் வாய் உளறியது. கை தானாகத் தாடை வாரைப் பிய்த்தது. கவசத்தைப் புல்லில் எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அசையாதவர்கள் இப்போது வாரை அவிழ்த்தார்கள். வரிசையில் ஒவ்வொருவராகக் கழற்றிப் புல்லில் போட்டார்கள். பத்து பேர். நான் எண்ணினேன்.

ரதோமில் கோடரியை மெல்லக் கீழே இறக்கினான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“உன் தலைய நம்பித்தானேண்ணே வாங்கினேன்” என்றான்.