பதிமூன்று புள்ளி மூன்று

கருப்பசாமியின் எம்.ஜி. காருக்கு இருபத்தாறு ஆயுத பூஜை நடந்திருக்கிறது. இருபத்தாறு முறையும் நாலு பேர் பின்னால் நின்று தள்ளித்தான் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். 1951-ல் இங்கிலாந்தில் செய்த கார் அது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, நீண்ட மூக்கு. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் ஓடாமல் கிடந்ததைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வந்து, நாகரசம்பட்டி மாந்தோப்பு ஷெட்டில் நிறுத்தினான். அடுத்த வருஷம் ஓட்டிவிடலாம் என்று வருஷா வருஷம் சொன்னான். சொல்லிக்கொண்டே ஒருநாள் போயும் சேர்ந்துவிட்டான்.

அவன் போன மூன்றாம் வருஷம் தம்பி பூபதி, காரை விற்கப் பெங்களூரில் ஓர் ஆளைப் பிடித்தான். ஓட்டல் வைத்திருப்பவர். இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மண் கொட்டிப் பூச்செடி வைத்து, காரை ஓட்டல் வாசலில் நிறுத்தப் போகிறாராம். கருப்பசாமியின் மனைவி மாதேஸ்வரிக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் ஓட்டறன்" என்றாள்.

பூபதி சிரித்தான். "அண்ணனாலயே ஆவல. உங்களால ஆவுமா அண்ணி?"

"உங்க அண்ணன் பேசினாரு. நான் செய்யறன்."

குடும்பத்தில் எடுபடுவது பூபதியின் பேச்சுதான். ஷெட்டும் அவன் பேரில் இருந்தது. மாமியார் ஜோதியம்மாள் எதிரிலேயே அவன் கெடு வைத்தான். "வர்ற ஆயுத பூஜைக்கு வண்டி தானா ஏறிப் பழத்த நசுக்கட்டும். நசுக்கினா உங்களுது. தள்ளித்தான் நசுக்கணும்னா அன்னிக்கே பெங்களூரு போவும். சரியா?"

"சரி" என்றாள் மாதேஸ்வரி. வேறு என்ன சொல்வாள்? ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் டூல்ரூமில் இருபது வருஷமாக அடுத்தவன் வண்டிக்கு அச்சுக் கடைந்தவள். ஊர்பேர் தெரியாத எத்தனையோ கார்களில் அவள் கைபட்ட இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. தன் வீட்டுக் கார் பூந்தொட்டியாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா?

காரை லாரியில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுவந்தாள். சீட் தைக்கும் பஷீர் அஹமது தன் பட்டறையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். முதல் நாளே கார் தன் குணத்தைக் காட்டிவிட்டது. பெரும்பாலான நட்டுகளுக்குப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஏறவில்லை, பதினாலு வழுக்கியது. பழைய இங்கிலாந்துக் கணக்கில் செய்த நட்டு. மில்லிமீட்டரில் வாழும் ஓசூரில் அதற்கு ஸ்பேனரே கிடையாது. மாதேஸ்வரி அளந்து பார்த்தாள். பதிமூன்று புள்ளி மூன்று. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் மேனேஜரிடம் கேட்டு, கழிவில் கிடந்த நல்ல எஃகுத் துண்டை எடுத்துத் தானே ஒரு ஸ்பேனர் வெட்டிக்கொண்டாள். அந்த ஒரே ஸ்பேனரால் பத்து மாதம் காரைப் பிரித்தாள், கோத்தாள், மறுபடி பிரித்தாள். துருப்பிடித்து இறுகியிருந்த பிஸ்டனை அசைக்கவே இருபது நாள் ஆயிற்று. பஷீர் பாய் சீட்டைத் தைத்து முடித்தார். ஆர்.டி.ஓ. ஆபீசில் காகிதத்தையும் புதுப்பித்தாயிற்று. பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது இஞ்சின் முதன்முதலாக உறுமியது. பட்டறையில் இருந்த இரவல் பேட்டரியில்தான். ஆனாலும் உறுமியது.

பூஜையன்று காலை புது பேட்டரி வந்தது. பூபதியோடு ஊரிலிருந்து பட்டறைக்கு வந்திருந்த ஜோதியம்மாள் அதையும் சாமி படத்தின் முன் ஆயுதங்களோடு வைத்தார். சுத்தியல், ரம்பம், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டார். பேட்டரியின் இரண்டு முனைக்கும் தடிமனாக இரண்டு பொட்டு. ஸ்டியரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு, பஷீர் பாயின் தையல் மெஷினுக்குக்கூடப் பொட்டு. மருமகள் முகத்துக்கு மட்டும் கை வரவில்லை. குற்றமில்லை, அது அவர் பழக்கம்.

பூஜைக்கு முன் பேட்டரியை மாட்டியாக வேண்டும். மாதேஸ்வரி அந்த இரண்டு பொட்டையும் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் தன் நெற்றியில் ஈரத்துணி வைத்துத் தேய்த்தது ஞாபகம் வந்தது. அழிக்க மனம் வராமல், காய்ந்திருந்த பொட்டின் மேலேயே காரின் பழைய ஒயர் கிளாம்பை மாட்டி, தன் ஸ்பேனரால் முடுக்கினாள். ஸ்பேனரைப் பழையபடி சாமி முன் வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். இனி மறுநாள் காலைவரை எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது.

சக்கரங்களின் கீழ் நாலு எலுமிச்சம்பழம். வாசலில் பெங்களூரிலிருந்து வந்த இழுவை லாரி வழியை மறித்து நின்றது. மாதேஸ்வரி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள்.

ஒரு முனகல். அவ்வளவுதான்.

மறுபடி இழுத்தாள். அதுவும் இல்லை.

"அம்மா, பேக மாடி" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார் லாரிக்காரர்.

"தள்ளிடலாமா அண்ணி?" என்றான் பூபதி. குரலில் அத்தனை கரிசனம்!

பத்து மாதமும் இந்த ஒரு முனகலுக்குத்தானா? மாதேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். விளக்கைப் போட்டாள், எரிந்தது. பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்றது. சின்ன வேலைக்குக் கரண்ட் வருகிறது, பெரிய வேலைக்கு வரவில்லை. எங்கோ ஓர் இணைப்பு சரியாக ஒட்டவில்லை. சட்டென்று விளங்கிவிட்டது. பொட்டு! தான் அழிக்காமல் விட்ட அந்தச் சந்தனம்தான் பேட்டரிக்கும் கிளாம்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தன் மடத்தனத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

கிளாம்பைக் கழற்ற அந்த ஸ்பேனர் வேண்டும். அது சாமி முன் பூவோடு இருந்தது.

இறங்கி நேராகப் படத்தை நோக்கி நடந்தாள். ஜோதியம்மாள் பதறினார். "மாதேஸ்வரி, இன்னா பண்ற? நாளைக்குத்தான் எடுக்கணும். தொடாத!"

பஷீர் அஹமது முன்னால் வந்தார். "தங்கச்சி, நான் எடுத்துத் தரன். எனக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையே."

"வேணாம் பாய். வெட்டினவ நான், நானே எடுக்கறன்." மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, வேல செய்யறதுக்குத்தான் இது ஆயுதம். வேலைக்கு ஆவலன்னா சாமிக்கு மட்டும் இது எதுக்கு?"

பூவைத் தள்ளி ஸ்பேனரை எடுத்தாள். கிளாம்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் கட்டை விரலால் அழுத்தித் துடைத்தாள். ஈயம் பளபளத்தது. விரலில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. துடைக்கத் துணி தேடவில்லை. நேராக நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

ஜோதியம்மாள் கிட்டே வந்து மருமகளின் நெற்றியைப் பார்த்தார். "கோணலா இருக்குது" என்றார்.

"இருக்கட்டும் அத்தை."

கிளாம்பை முடுக்கி, ஸ்பேனரைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டுக் குமிழை இழுத்தாள். இஞ்சின் ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர, பஷீர் பாய் குழந்தைபோலக் கைதட்டினார்.

பூபதி ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றான். "அண்ணி, ஓடுது, ஒத்துக்கறன். பழத்த மட்டும் நான் ஏத்தி நசுக்கறன். நல்ல காரியம்... நீங்க பண்ணா..."

மூன்று வருஷமாக அந்த வாக்கியத்தை யாரும் அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை. முழுதாகக் கேட்க அவளுக்கும் இப்போது பொறுமையில்லை.

"தள்ளிக்க பூபதி. சக்கரத்துக்குப் பழமும் ஒண்ணுதான், காலும் ஒண்ணுதான்."

அவன் தள்ளிக்கொண்டான். கிளட்சை விட்டாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நாலு பழமும் நசுங்கின. லாரிக்காரர் அவசரமாக ஏறித் தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார். மாதேஸ்வரி கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறினாள். இருபத்தேழாவது ஆயுத பூஜையில் அந்தக் காரை யாரும் தள்ளவில்லை.