சடை விதி இருநூற்றுப் பதிமூன்று

விக்கின் இடது காதோரத்தில் ஒரு கற்றை மட்டும் படிய மறுத்தது. ஆய்வாளர் சீப்பைத் தண்ணீரில் நனைத்து நாலாவது முறையாக இழுத்தார். படிந்தது. கையை எடுத்ததும் எழுந்து நின்றது. மனைவியின் குணம் அதற்கும் தொற்றிவிட்டது போலிருந்தது.

மனைவி ஹாலில், ஜன்னலோரக் கட்டிலில், தலையில் வெள்ளைத் துண்டு சுற்றிக் கிடந்தாள். விடியும்போது உயிர் போயிருந்தது. பதினொரு மணிக்கு வண்டி வரும். அதற்குள் விக்கை வைத்துவிட வேண்டும்.

“மாப்ளே, ஆச்சா?”

வாசலில் மச்சான். மனைவியின் அண்ணன், மூன்று சங்கங்களுக்குத் தலைவர், நாலாவதற்குப் புரவலர். எங்கே நின்றாலும் பின்னால் பேனர் கட்டியிருப்பது போலத்தான் நிற்பார்.

“பெரிய மனுசங்கல்லாம் வர்ற நேரம். தங்கச்சி துண்டோட கிடக்கக் கூடாது. நம்ம வீட்டுக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?”

“இதோ மச்சான்.”

ஆய்வாளருக்கு எடை அளவுத் துறையில் இருபத்தாறு வருடம். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைப்பது வேலை. மனைவிக்குப் புற்றுநோய்க்கு முதல் மருந்து ஏறி முடி கொட்டிய வாரம், ஆறு கடை ஏறி இறங்கி வாங்கிவந்த விக் இது. பாரமாக இருந்தால் தலை வலிக்குமே என்று கடையிலேயே நிறுத்துப் பார்த்தார்: நூற்றுப் பத்து கிராம். பிறகு அந்தத் தராசையும் சோதித்தார். இரண்டு கிராம் கூடக் காட்டியது. கடைக்காரரை எச்சரித்துவிட்டு, நிம்மதியாக நூற்றெட்டு கிராமோடு வீடு வந்தார். அவள் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்து, “நல்லா இருக்குங்க” என்றாள். இருபத்து மூன்று வருடத்தில் அவர் வாங்கித் தந்து அவள் குறை சொல்லாத ஒரே பொருள். எட்டு மாதமாக, அவர் பார்க்கும்போதெல்லாம் அது அவள் தலையில் இருந்தது; தூங்கும்போது மட்டும் துண்டு.

எனவே அதைத் தானே வைத்து அனுப்பவேண்டும் என்று அவருக்கு இருந்தது. வேறு எதைக் கொடுத்தோம் என்று யோசித்தால் கை வெறுமையாகத் தெரிந்தது.

மகள் உள்ளே வந்தாள். கல்லூரி இரண்டாம் வருடம். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் அம்மாவின் போன்.

“அப்பா, அந்த டோப்பாவ வைக்காதீங்க.”

“ஏன்?”

“குரூப்புல சொல்லிட்டேன். எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. அக்கா தலைய மூடிட்டாங்களான்னு.”

“யாரு கேக்குறது?”

“மலைநாட்டு ஆளுங்க.”

ஆய்வாளர் சீப்பைக் கீழே வைத்தார்.

எழுத்தாளர் ஒருவர், கற்பனை உலகம் ஒன்றைப் பற்றித் தலையணைத் தலையணையாக ஐந்து பாகம் எழுதிவிட்டு, ஆறாவதை எழுதாமல் ஒன்பது வருடமாக அதைப் பற்றிப் பேட்டி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையில் மலைநாட்டார் என்றொரு கூட்டம் உண்டு. ‘அவர்களுடைய சடை வினோதமாக இருந்தது’ என்று மூன்றாம் பாகத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு நாலாயிரம் வாசகர்கள் இணையத்தில் கூடி, மலைநாட்டார் எந்த வயதில் எத்தனை பின்னல் போடுவார்கள், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி ராசியாகும்போது யார் தலையை யார் வாரிவிட வேண்டும் என்றெல்லாம் இருநூற்றுச் சொச்சம் விதிகள் இயற்றிவிட்டார்கள். இருக்கிற நாட்டின் சட்டத்தை ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இல்லாத நாட்டின் சட்டத்துக்குத் திருத்தத்தின் மேல் திருத்தம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்த மனைவி, ஒரு பல்லைப் பிடுங்குவதற்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் எழுதியவை அவற்றில் பாதி. அங்கே அவள் பெயர் ‘சீப்பு’.

“இல்லாத ஊருக்கு எதுக்குடி பின்னல்?” என்று ஒருமுறை கேட்டார்.

“நீங்க மட்டும் கிலோவ எந்தக் காட்டுல பாத்தீங்க? நாலு பேர் சேந்து இதுதான் கிலோன்னு ஒத்துக்கிட்டீங்க. நாங்க சடைய ஒத்துக்கிட்டோம்.”

மறுநாள் கடையில் எடைக்கல்லை இருமுறை திருப்பிப் பார்த்தார்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு கனத்த மனிதர். கையில் கருவிப் பை, சட்டையில் எண்ணெய்க் கறை, மார்பு வரை தாடி. தலை மட்டும் துடைத்து வைத்த தட்டு.

“நீங்க?” என்றார் மச்சான்.

“மலைநாட்டுச் சடை மன்றம். தலைமை நடுவர்.”

மன்றம், தலைமை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் மச்சானின் கை தானாக வேலை செய்யும். நாற்காலியை இழுத்தார். “வாங்க, வாங்க. ஐயாவுக்குத் தொழில்?”

“லிப்ட் மெக்கானிக் சார்.”

நாற்காலி பாதியில் நின்றது.

வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறு வருசமா எங்கிட்ட சண்டை போட்டாங்க சார். ஒரு விதியக்கூட லேசுல விடமாட்டாங்க. நேர்ல இன்னிக்குத்தான் பாக்குறேன்.” பிறகு துண்டைக் காட்டி, ரகசியம் கேட்பது போலக் கேட்டார்: “மூடியா வச்சிருக்கீங்க?”

“அப்பாவுக்குத் தெரியாது அங்கிள்” என்று மகள் போனை நீட்டினாள். “படிங்கப்பா. இருநூத்திப் பதிமூணு.”

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

‘மலைநாட்டார் தமக்கு வேண்டியவர் ஒவ்வொருவருக்கும் சடையில் ஒரு முடிச்சு இடுவர். நோயினால் ஒருவருக்கு முடி உதிர்ந்தாலும் முடிச்சுகள் உதிர்வதில்லை. வேண்டியவர்கள் அவற்றை வாங்கித் தத்தம் தலையில் முடிந்துகொள்வர். அதன்பின் அவர் தலையை மூடலாகாது. மூடினால், வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று பொருள்.’

கீழே தேதி இருந்தது. எட்டு மாதத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை மதியம். அவர் ஆறு கடை ஏறி இறங்கிய அதே மதியம்.

தேதிக்குக் கீழே படங்கள். முகமில்லாத தலைகள். நரைத்த சடையில் ஒரு முடிச்சு, சுருட்டை முடியில் ஒரு முடிச்சு, யாரோ ஒரு கிழவரின் பிடரியில் மிச்சமிருந்த நாலு மயிரில் ஒரு முடிச்சு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

“எனக்குத் தலைல இடமில்ல” என்று மெக்கானிக் தாடியை ஒதுக்கினார். உள்ளே, கழுத்தோரமாக, ஒரு சின்ன முடிச்சு. “தாடி சடையாகுமான்னு மூணு வாரம் விவாதம் சார். நானே தலைமை நடுவர். என் கேச நானே தீர்க்க முடியாதில்ல? அக்காதான் விதிவிலக்கு குடுத்தாங்க.”

மகள் காதுக்குப் பின்னாலிருந்த முடியை விலக்கிக் காட்டினாள். ஆய்வாளர் அதை எட்டு மாதமாகப் பார்த்திருக்கிறார். சிடுக்கு என்று நினைத்து, “தலைய ஒழுங்கா வாரித் தொலைக்கக் கூடாதா?” என்று நாலு தரம் திட்டியும் இருக்கிறார்.

“அப்ப இது?” விக்கைத் தூக்கிக் காட்டினார். “எப்பவும் போட்டிருந்தாளே?”

மகள் தரையைப் பார்த்தாள். “உங்க பைக் சத்தம் கேட்டா எடுத்துப் போட்டுக்குவாங்க. உங்கப்பா ஆறு கடை அலைஞ்சு வாங்கினாரு, அரிச்சா அரிச்சிட்டுப் போகுதும்பாங்க.”

“அரிச்சுதா?”

“ம்.”

அவர் விக்கைக் கீழே இறக்கினார். கையில் நூற்றெட்டு கிராம். பிறகு மெக்கானிக்கிடம் கேட்டார்: “நீங்கல்லாம் அவள... வெறுந்தலையோட பாத்திருக்கீங்களா?”

“வாராவாரம் சார். மருந்து ஏத்துற நாற்காலில உக்காந்ததும் வீடியோவுல வந்திருவாங்க. ஒரு கைல ஊசி, ஒரு கைல போனு. நாங்க முப்பது பேருக்குக் குறையாம இருப்போம். அவங்க சிரிக்கிற சிரிப்புல பக்கத்து நாற்காலிக்காரங்களும் சேந்துகிட்டாங்க. ஒருநாள் நர்ஸம்மா வந்து, ‘இங்க என்ன கல்யாணமா நடக்குது?’ன்னு அதட்டினாங்க. அவங்களும் இப்ப குரூப்புல இருக்காங்க.”

ஆய்வாளருக்கு விடுப்பு தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. காலையில் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் கடைகளுக்குப் போவார். நாலு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று தராசுத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். எத்தனையோ தராசின் முள் அவர் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. அதை அவர் அவளிடம் சொன்னதில்லை. இதை அவள் அவரிடம் சொன்னதில்லை.

“அப்ப தனியா இல்ல” என்றார்.

“தனியா விடுவோமா சார்?”

ஆய்வாளர் பாதியில் நின்ற நாற்காலியை முழுக்க இழுத்து, தோளில் கிடந்த துண்டால் ஒருமுறை துடைத்தார். “உக்காருங்க தம்பி. எதுவும் சாப்பிட்டீங்களா? வேலைல இருந்து நேரா வந்திருப்பீங்க.” மகளிடம், “ஒரு காபி போடும்மா. உனக்கும் போட்டுக்கோ” என்றார். தனக்கே அந்நியமாகக் கேட்டது அந்தக் குரல். துக்க வீட்டுக்காரன் குரலாக இல்லை, ஏதோ பெரிய உதவி பெற்றுக்கொண்டவன் குரலாக இருந்தது.

பிறகு விக்கை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“மாப்ளே!” மச்சானுக்குக் குரல் ஏறியது. “புத்தி கித்தி பிசகிடுச்சா? கதைப் புஸ்தகத்துல எழுதினதக் கேட்டு...”

“புஸ்தகத்துல இல்ல மச்சான். இவங்களா எழுதிக்கிட்டது.”

“இன்னும் மோசம்! வர்றவன் போறவன்லாம் பாப்பான். நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“நாலாயிரம் பேர் சொல்லிட்டாங்களே.”

மச்சான் வாசலை எட்டிப் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

ஆய்வாளர் கட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டுத் துண்டின் நுனியைத் தேடினார். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் விலகி வந்தது. அரை விரற்கடைக்கு முடி வளர்ந்திருந்தது. சாம்பல் நிறத்தில், கோழிக்குஞ்சின் முதுகு போல. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. அவர் இதுவரை பார்த்ததே இல்லை. உள்ளங்கையை வைத்தார். சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தார், மெத்தென்று இருந்தது.

“நல்லா இருக்கு” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். மகள் போனில் ஒற்றை வரி தட்டச்சு செய்து அனுப்பினாள். அடுத்த கணத்திலிருந்து அது அவள் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

சங்கத்துக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆய்வாளர் எழுந்து வாசலுக்குப் போய் ஒவ்வொருவர் கையாகப் பிடித்தார். ஒருவர், “தலைவர் எங்கே?” என்று மச்சானை விசாரித்தார். ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார்.

ஜன்னல் வழியே வெயில் கட்டிலுக்கு வந்திருந்தது. மச்சான் வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்கையின் தலைமாட்டில், வெயிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றிருந்தார். அவருடைய நிழல், வெயில் படாதபடி, சரியாக அவள் வெறுந்தலைமேல் விழுந்தது. வெயில் நகர நகர, அவரும் யாருக்கும் தெரியாதபடி அரையடி அரையடியாக நகர்ந்துகொண்டிருந்தார்.