வெள்ளம்மா

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை அனுப்பப்படும் என்றும், பெயரை மாற்ற வேண்டியவர்கள் அதற்குள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்றும் தாட்சாயிணி டீச்சர் சொன்னார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அதே பெயர்தான்.

வெள்ளம்மா முதல் ஆளாகப் போய்த் தாளை வாங்கினாள். அவள் நல்ல கறுப்பு. “கரண்டு போனா வெள்ளம்மாவத் தேட டார்ச் வேணும்டா” என்று ஆறாம் வகுப்பில் லட்சுமணன் சொன்னதை, நான்கு வருஷமாக யாராவது ஒருவன் நூம்பல் பஸ் நிறுத்தத்தில் சொல்லிக்கொண்டேயிருந்தான். புதுப்பெயர் கட்டத்தில் பென்சிலால் சுவேதா என்று எழுதினாள்.

டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அதுக்கும் வெள்ளைன்னுதாண்டி அர்த்தம்.”

ரப்பரால் அழித்தாள்.

அப்பா கோதண்டத்துக்கு அரை ஏக்கர் நெல்லும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலையும் இருந்தன. முதல் ஷிப்டு முடிந்து வந்தவர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல மட்டும் நான் கையெழுத்து போடமாட்டேன்.”

“போட்டுத் தொலையேன்யா,” என்றாள் அம்மா புஷ்பா. “நாளைக்குப் பொண்ணு பாக்க வரவன் பேரைக் கேட்டுட்டு மூஞ்சியப் பாத்து சிரிப்பான்.”

“அது வெள்ளை இல்ல. வெள்ளம்.”

“ஆரம்பிச்சிட்டியா?” அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழுபத்தாறில், ஏரிக்கரை உடைந்த கார்த்திகையில் பிறந்தவள் என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் கரை உடைஞ்ச வருஷம் என்றுதான் சொல்வார்கள். கரைமேல் பனைகள் வரிசையாக நின்றன. ஓரிடத்தில் மட்டும் மூன்று மரம் அளவுக்கு இடைவெளி. அங்கே மண் வேறு நிறம், புல்லும் சரியாகப் பிடிக்காது. சின்ன வயதில் அந்தச் சரிவில்தான் சாக்கு போட்டுச் சறுக்குவாள். மேலே நின்றால் அல்லியும், தலையை ஆட்டி ஆட்டி நீந்தும் நாமக்கோழிகளும் தெரியும். மழைக்கு முந்தின நாள் தும்பிகள் முகத்தில் மோதும். ஏரியில் அவளுக்கு அதைவிடப் பிடித்த இடமில்லை.

“கரை உடையலம்மா,” என்றார் கோதண்டம். “வெட்டினோம்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“ஏரி ரொம்பிடுச்சி, தண்ணி வழியுற கலங்கல் தாங்கல. இந்தப் பக்கம் உடைஞ்சா நம்ம ஊரு போயிடும். உங்கம்மா வலில கீறா. விடியறப்ப நாலு பேரு பள்ளத்தெரு பக்கத்துக் கரைக்குப் போனோம். மொத கடப்பாரை என்னுது. பள்ளத்தெருவுல எல்லாரையும் எழுப்பி மேட்டுக்கு அனுப்பிட்டோம்னு கூட வந்த கஜபதி சொன்னான். ஒரு ஊட்ட விட்டுட்டான்.”

“வருஷா வருஷம் அரிசி குடுத்துட்டு வரேனே, அந்தப் பொன்னியம்மா ஊடா, நைனா?”

“செவுரு சாஞ்சு புள்ள போயிடுச்சி. நாலு வயசு. தானா உடைஞ்சிச்சின்னு ஊரே பேசி முடிச்சிட்டாங்க. நானும் வாயத் திறக்கல. மறக்கக் கூடாதுன்னுதான் உனக்கு இந்தப் பேரு வெச்சேன்.”

ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு படி புது அரிசியைக் கொடுத்து அவளைப் பள்ளத்தெருவுக்கு அனுப்புவார். பொன்னியம்மா வாசலில் உட்கார்ந்து கெண்டை ஆய்ந்துகொண்டிருப்பாள். ‘வா பொண்ணே’ என்பாள். அரிசியை வாங்கிக்கொண்டு, ‘போ பொண்ணே’ என்பாள்.

“நைனா, அது ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டு நீ கேட்டுக்கீறியா?”

கோதண்டம் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“நீ மறக்காம இருக்க எனக்கு வெச்ச. தெருவுல தினம் கத்திக் கூப்புடுறீங்க. அதுக்குங் காது கேக்குமில்ல?”

அவர் பேனாவைத் தேடினார். கையெழுத்துப் போட்ட பிறகும் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “இன்னா பேரு?”

“எதுனா.”

வெள்ளிக்கிழமை காலை கட்டத்தில் வசந்தா என்று எழுதிக் கொடுத்தாள். அதற்கு அவள் அர்த்தம் எதுவும் நினைக்கவில்லை. வகுப்பில் ஏற்கெனவே இரண்டு வசந்தாக்கள் இருந்தார்கள்.

அந்தக் கார்த்திகையிலும் கோதண்டம் அரிசியை அளந்து பையில் கட்டி வைத்தார். தானே கொண்டுபோவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தார். பையை அவளிடமே நீட்டினார்.

“வா பொண்ணே,” என்றாள் பொன்னியம்மா. கை மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பேர் மாத்திட்டேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் மேட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பதினைந்து வருஷப் பழக்கம். “வெள்ளம்மா! ஏ வெள்ளம்மா!”

பொன்னியம்மாவின் கை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கியது.

“உங்கம்மா கூப்புடுது, போ,” என்றாள் அவள், தலை நிமிராமல்.