அடைக்கு உட்காராத வெள்ளைக் கோழிகள்

ஒன்றுக்கு இரண்டு என்றதும் காத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பங்களாச் சமையல்காரன் ஸக்கரியா, துரை சொன்னாரென்று இரண்டு வெள்ளைச் சீமைக்கோழிகளைக் கொண்டுவந்து, பதிலுக்கு அவளுடைய செவலைக் கோழியைக் கேட்டான். சரியான இளிச்சவாயன் அகப்பட்டான் என்று நினைத்துக்கொண்டு, அவன் மனசு மாறுவதற்குள் செவலையைப் பிடித்து நீட்டிவிட்டாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. இலங்கையில் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களில் அந்த வருஷம் தேயிலை விலை விழுந்து, ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு போய்விட்டது. புருஷனைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று இவள் மட்டும் நின்றுகொண்டாள். வீறாப்பாகச் சொல்லியாகிவிட்டது, சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கூலியாட்களின் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமில்லை. செவலை குஞ்சு பொரித்த நாட்களில் மட்டும் கீச்சுக்கீச்சென்று இருக்கும். அதிலும் எட்டுக் குஞ்சில் நாலைப் பருந்து கொண்டுபோய்விடும். சீமைக்கோழியோ தினம் ஒரு முட்டை போடுமாம். அத்தனையும் பொரித்தால் காது நிறையச் சத்தம் இருக்கும் என்று ஆசைப்பட்டாள்.

முட்டைக்குக் குறைவில்லை. ஒன்றைக்கூட வாயில் வைக்காமல், கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கினாள். ஆனால் அந்த மகராசிகள் முட்டையிட்டு, ஊரைக் கூட்டிக் கொக்கரித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவார்கள். பிடித்து உட்காரவைத்தாள், கூடையால் கவிழ்த்துப் பார்த்தாள், கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. முதலில் சேர்த்த முட்டைகள் நாறத் தொடங்கின.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போய் ஸக்கரியாவைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன தம்பி, சீக்குக் கோழியக் குடுத்து ஏமாத்திட்டீங்களே?”

“சீக்கெல்லாம் இல்லக்கா. அந்தச் சாதியே அப்படித்தான். முட்டை போடும், அடைக்கு உக்காராது. தொரையோட முட்டைய அடைவைக்கத்தானே ஒங்க கோழிய வாங்கினோம்? ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

குசினிக்குப் பின்னால் ஒரு பெட்டியில் துரையின் முட்டைகள்மேல் செவலை அடைக்கு உட்கார்ந்திருந்தது.

“என் கோழியக் குடுத்திருங்க தம்பி. வேற ஒண்ணும் வேணாம்.”

ஸக்கரியா பங்களா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “அடைவச்சு இன்னைக்கு இருவதாம் நாள், நாளைக்குப் பொரிச்சிரும். பொரிச்சிட்டா தொரை இத விடமாட்டாரு, அடுத்த ஈட்டு முட்டைக்கும் வேணும்பாரு. தூக்குறதுன்னா இப்பவே தூக்கிட்டுப் போங்க. காட்டுப்பூனை கொண்டுபோயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

காத்தாயி கையை நீட்டினாள். செவலை இறகைச் சிலிர்த்துக்கொண்டு நறுக்கென்று கொத்தியது. மூன்று வருஷம் அவள் கையிலேயே சோறு தின்ற கோழி. கொத்தின வலியைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இருந்தாலும் விடாமல் அதன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தாள். கையில் பட்ட முட்டையொன்றுக்குள்ளிருந்து கீச்சென்று கேட்டது.

கையை எடுத்துக்கொண்டாள். தாய்ச்சூடு போனால் இந்தப் பனியில் உள்ளேயிருக்கும் குஞ்சு தாங்காதென்று அவளுக்குத் தெரியும். எழுந்து போகவும் மனசு வரவில்லை. பெட்டியருகே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு முட்டை கீச்சிட்டது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. செவலை அடித்தொண்டையில் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

“பொழுது சாயுதே அக்கா,” என்றான் ஸக்கரியா. “வீட்டுல தேடமாட்டாங்களா?”

“தேட ஆளிருந்தா, நான் ஏன் தம்பி கோழியத் தேடிக்கிட்டு வாறேன்?”

அவன் உள்ளே போய், அவள் உட்காருவதற்கு ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டான்.